ஈடிப்பஸும் கிரியோனும்: பிழையின் இருவகை

கிரேக்கத் துன்பியல் நாடகத் தலைவர்களின் வீழ்ச்சிக்குக் குணக்குறையே காரணம் எனப் பலரும் கூறுவர். அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ 13ஆம் இயலில் ஆளும் ‘ஹமார்த்தியா’ என்னும் சொல்லை அதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆயின், குறி தவறுதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த அச்சொல்லை அவர் தீயொழுக்கத்தினின்று பிரித்தே கூறுகிறார். சோஃபோக்ளீசின் தலைவர் இருவரை ஒப்பிட இது விளங்கும்.

கி.மு. 441ஐ ஒட்டி அரங்கேறியதாகக் கருதப்படும் ‘ஆன்டிகனி’யில், மன்னன் கிரியோன் பாலினைசசின் உடலை அடக்கம் செய்யத் தடை விதிக்கிறான். மகன் ஹீமோன் இடித்துரைத்தும் கேளான். நிமித்திகன் டைரீசியஸ் எச்சரித்துச் சென்ற பின்னரே மனம் மாறுகிறான். அப்போதும் பிணத்தை முதலில் அடக்கம் செய்துவிட்டே ஆன்டிகனியை அடைத்த குகைக்குச் செல்கிறான். அதற்குள் அவள் இறந்துவிடுகிறாள். அவன் மகனும் மனைவியும் தம்முயிரை மாய்த்துக்கொள்கின்றனர்.

‘மன்னன் ஈடிப்பஸ்’ நாடகத்திலோ தந்தைக்கொலையும் தாய்மணமும் கதை தொடங்குமுன்னரே நிகழ்ந்து முடிந்தவை. முச்சந்தியில் லாயசைச் சினந்து கொன்றபோது, அவன் தன் தந்தை என்பதை ஈடிப்பஸ் அறியான். தீப்ஸ் நகரைக் கொள்ளைநோயினின்று காக்க உண்மையைத் தேடுகிறான். ஜொகாஸ்டா தடுத்தும் நிறுத்தவில்லை.

கிரியோனின் பிழை திருத்தத்தக்கதாயிருந்தும் காலத்தாழ்வால் கைநழுவியது. ஈடிப்பஸின் பிழையோ அறியத்தக்கதேயன்றித் திருத்தத்தக்கதன்று. இவ்விரண்டையும் ‘குணக்குறை’ என்பதனுள் அடக்குதல் பொருந்தாது. குறள் 772இல் இலக்குத் தவறுதலைக் குறிக்கும் ‘பிழைத்தல்’ என்பதன் அடியாக, ‘பிழை’ என மொழிபெயர்த்தலே தக்கதாகும்.