63 ஆண்டுகள் பனிக்குள் கிடந்த ராணுவ உடல்: போர்க்களத்துக்கே போகாத 4 விமானப்படையினரின் கதை என்ன?

2005 அக்டோபர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், சியரா நெவாடா மலைத்தொடர். கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மென்டல் பனியாற்றில் ஏறிக்கொண்டிருந்த இருவர், பனிக்கு வெளியே ஒரு மனிதத் தலையும் கையும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள்.

பூங்கா ஊழியர்களும் தடயவியல் நிபுணரும் மேலே போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இறந்தவர் அணிந்திருந்தது இரண்டாம் உலகப் போர் கால ராணுவ உடை. அவருடைய பாராசூட் திறக்கப்படவே இல்லை. சட்டைப் பையில் பேனா, சீப்பு, கொஞ்சம் சில்லறைக் காசு.

அவர் எந்த நாட்டு எதிரியோடும் சண்டை போட்டு இறந்தவர் அல்ல. பயிற்சிக்காகக் கிளம்பிய விமானத்தில் போனவர். அந்த விமானத்தில் மொத்தம் 4 பேர் இருந்தார்கள்.

யார் அந்த நால்வர்?

விமானி வில்லியம் கேம்பர், வயது 23. அவரோடு போன மூன்று பேரும் நேவிகேட்டர் பயிற்சியில் இருந்த கேடட்கள். இடாஹோ மாநிலத்தைச் சேர்ந்த ஜான் மார்ட்டன்சன், 25. ஒஹாயோவைச் சேர்ந்த எர்னஸ்ட் க்ளென் மன், 23. மினசோட்டா மாநிலத்தின் பிரெய்னர்டு ஊரைச் சேர்ந்த லியோ மஸ்டோனன், 22. கல்லூரி முடித்து வேலை தேடுகிற வயசு, அவ்வளவுதான்.

1942 நவம்பர் 18 அன்று சாக்ரமெண்டோ அருகே இருந்த மேத்தர் விமானதளத்திலிருந்து இவர்கள் கிளம்பினார்கள். அந்த இடம் அப்போது அமெரிக்க ராணுவ விமானப்படையின் நேவிகேட்டர் பயிற்சிப் பள்ளி. டாங்கில் சுமார் 5 மணி நேரத்துக்கான எரிபொருள் இருந்தது. போக வேண்டிய திசை வடக்கு. கார்னிங் பக்கம் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். விமானம் திரும்பவில்லை.

நேவிகேட்டர் என்றால் என்ன வேலை?

இன்றைக்கு கையில் இருக்கிற போனே வழி சொல்லிவிடும். 1942ல் அப்படி எதுவும் இல்லை. விமானத்தை ஓட்டுவது விமானி. ஆனால் 'நாம் இப்போது எங்கே இருக்கிறோம், இலக்கு எந்தப் பக்கம், இன்னும் எத்தனை நிமிடம்' என்று கணக்குப் போட்டுச் சொல்வது நேவிகேட்டர். கையில் வரைபடம், கடிகாரம், திசைகாட்டி. விமானம் என்ன வேகத்தில், எந்தத் திசையில், எவ்வளவு நேரம் பறந்தது என்பதை வைத்து இருக்கும் இடத்தைக் கணிக்க வேண்டும். பக்கவாட்டில் அடிக்கிற காற்று விமானத்தை எவ்வளவு தள்ளுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மேகம் மூடி தரை தெரியாமல் போனால், காற்றைப் பற்றிய சின்னத் தப்புக் கணக்கு கூட ஒரு மணி நேரத்தில் பல கிலோமீட்டர் வித்தியாசமாகிவிடும்.

இவர்கள் போன ஏடி-7 விமானம் இந்தப் பயிற்சிக்காகவே வடிவமைக்கப்பட்டது. பீச்கிராஃப்ட் நிறுவனத்தின் இரட்டை என்ஜின் விமானம். உள்ளே 3 மாணவர்களுக்குத் தனித்தனி மேசை, தனித்தனி திசைகாட்டி. விண்மீன்களைப் பார்த்து அளவெடுக்க மேற்கூரையில் ஒரு கண்ணாடிக் குமிழ். பறக்கும் வகுப்பறை என்றே சொல்லலாம்.

அந்த வகுப்பறைதான் வழிமாறிப் போனது. வடக்கே போக வேண்டிய விமானம், மேத்தர் தளத்துக்குத் தென்கிழக்கே சுமார் 275 கிலோமீட்டர் தள்ளி, 12,000 அடிக்கும் மேலான உயரத்தில் மலையில் விழுந்திருந்தது. எப்படி அவ்வளவு தூரம் விலகியது என்பதற்கு அதிகாரப்பூர்வமான விடை இன்றுவரை கிடையாது. திறக்கப்படாத பாராசூட்டைப் பார்த்தால், குதிப்பதற்குக் கூட அவகாசம் இருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

5 வருஷம் கழித்துக் கிடைத்த முதல் தடயம்

விமானம் காணாமல் போனதும் தேடினார்கள். ஆனால் அது குளிர்காலத் தொடக்கம், சியராவில் பனி கொட்டும் நேரம். தேடுதல் கைவிடப்பட்டது.

1947ல் மலையேறப் போனவர்கள் கண்ணில் விமானத்தின் சிதைந்த பாகங்கள் பட்டன. ராணுவக் குழுக்கள் மேலே போயின. விமானம் எது என்பது உறுதியானது. ஆனால் நால்வரின் உடல்களையும் தனித்தனியாக மீட்க முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோ அருகே சான் புருனோவில் இருக்கும் கோல்டன் கேட் தேசியக் கல்லறையில் நால்வரின் பெயரையும் ஒரே கல்லில் பொறித்தார்கள்.

குடும்பங்களுக்கு அதோடு கதை முடிந்தது. இதில் இன்னொரு விஷயம் உண்டு. எதிரியின் தாக்குதலில் இறந்தவர்களுக்கும் காயமடைந்தவர்களுக்கும் அமெரிக்க ராணுவம் 'பர்பிள் ஹார்ட்' பதக்கம் தருகிறது. பயிற்சி விபத்தில் இறந்தவர்களுக்கு அது கிடையாது. 'எந்தச் சண்டையில் இறந்தான்?' என்று கேட்டால் அந்த வீட்டில் சொல்வதற்குப் பதில் இருக்காது.

இப்படி எத்தனை பேர்?

இந்தக் கதை ஒரே ஒரு விமானத்தோடு நிற்பதில்லை. 1939ல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவில் இருந்தவர்கள் 25,000க்கும் குறைவு. போரின் உச்சத்தில் அது சுமார் 24 லட்சம். அதுவரை விமானத்தையே கிட்டத்தில் பார்க்காத இளைஞர்களை சில மாதங்களில் விமானியாகவும் நேவிகேட்டராகவும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த அவசரத்துக்கு விலை இருந்தது. போர்க் காலத்தில் அமெரிக்க மண்ணிலேயே நடந்த ராணுவ விமான விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 15,000 பேர்.

பிரிட்டனிலும் இதே நிலைதான். அதன் குண்டுவீச்சு விமானப் பிரிவில் போர்க் காலத்தில் இறந்தவர்கள் 55,573 பேர். அதில் 8,000க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் இறந்தவர்கள். எதிரி நாட்டு வானத்தைப் பார்க்காமலே போனவர்கள் பலர்.

பனிக்குள்ளிருந்து வந்த பெயர்கள்

சரி, 2005ல் கிடைத்த உடல் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

உடலைப் பனியிலிருந்து பிரிக்காமல், சுமார் 180 கிலோ எடையுள்ள பனிக்கட்டியாகவே வெட்டி எடுத்தார்கள். ஃப்ரெஸ்னோவில் மெல்ல உருக வைத்து, பிறகு ஹவாயில் உள்ள ராணுவ அடையாள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சட்டையில் இருந்த பெயர்ப் பட்டை அரித்துப் போயிருந்ததால் எழுத்துகள் வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. எலும்பு, பல், உடை, டிஎன்ஏ என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 2006 மார்ச்சில் பெயரை அறிவித்தார்கள்: லியோ மஸ்டோனன். அவருடைய பெற்றோர் பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். மகன் கிடைத்த செய்தியைக் கேட்க இருவருமே உயிரோடு இல்லை. அந்த மாதமே சொந்த ஊரான பிரெய்னர்டில் லியோ அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தச் செய்தி எழுத்தாளர் பீட்டர் ஸ்டெக்கெலை விடவில்லை. நால்வரைப் பற்றிப் புத்தகம் எழுத ஆரம்பித்தார். அதற்காக 2007 ஆகஸ்டில் அவரே மென்டல் பனியாற்றுக்குப் போனபோது, முதல் உடல் கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு உடலைக் கண்டார். அந்தப் புத்தகம் 'ஃபைனல் ஃப்ளைட்' என்ற பெயரில் பிறகு வெளிவந்தது.

இரண்டாவது உடலை அடையாளம் காண உதவியது மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ. இது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். அதனால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது ஒன்றாகவே இருக்கும். பழைய எலும்பிலிருந்தும் எடுக்க முடியும். க்ளென் மன்னின் தங்கைகள் 3 பேர் அப்போது உயிரோடு இருந்தார்கள். எல்லோரும் 80 வயதைக் கடந்தவர்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில் பொருந்தியது. 2008 மே மாதம், கிளம்பிப் போய் 65 வருஷம் ஆன அண்ணனை ஒஹாயோவில் அந்தத் தங்கைகள் அடக்கம் செய்தார்கள். இந்த நால்வரின் கதையிலேயே கொஞ்சம் ஆறுதலான பகுதி இதுதான்.

பனி ஏன் இப்போது திருப்பிக் கொடுக்கிறது?

பனியாறு பார்க்க அசையாமல் இருந்தாலும் மெதுவாகக் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். மேல்பகுதியில் விழுந்த பொருளின் மேல் வருடா வருடம் பனி கொட்டி அதை உள்ளே புதைக்கும். நகர்ந்து கீழே வந்தபின், மேலடுக்கு உருகும்போது அது மறுபடி வெளியே தெரியும். இது இயல்பாக நடப்பதுதான். ஆனால் சியரா நெவாடாவின் பனியாறுகள் 1900களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் மேற்பட்ட பரப்பை இழந்துவிட்டன. உருகல் கூடக் கூட, உள்ளே இருப்பது வெளியே வரும் வாய்ப்பும் கூடுகிறது.

விமானி கேம்பர், கேடட் மார்ட்டன்சன் இருவரின் உடல்களும் இன்னும் தனியாக அடையாளம் காணப்படவில்லை. மென்டல் பனியாற்றுக்குக் கோடையின் பிற்பகுதியிலிருந்து அடுத்த பனிப்பொழிவு வரைதான் போய்த் தேட முடியும். அந்தச் சில வாரங்களில்தான் பழைய பனி வெளியே தெரியும். முதல் உடல் அக்டோபரிலும் இரண்டாவது உடல் ஆகஸ்டிலும் கிடைத்தது அதனால்தான்.