கலப்பின் ஒளியும் கண்ணாடியின் ஒளியும்

இயற்கைக் குவார்ட்ஸ் படிகத்தை உருக்கிச் செய்த தகடு ஒன்று. சிலிக்கான் சேர்மங்களின் ஆவியிலிருந்து செயற்கையாகத் தயாரித்த சிலிக்கா தகடு இன்னொன்று. பகல் வெளிச்சத்தில் எது எதுவென்று சொல்ல முடியாது. இருட்டறையில் 254 நானோமீட்டர் புறஊதா விளக்கைக் காட்டினால் குட்டு உடைந்துவிடும். முதல் தகடு பெரும்பாலும் நீலஊதா நிறத்தில் ஒளிரும். மற்றது சும்மா கிடக்கும். படிகத்தோடு ஒட்டிவந்த அலுமினியம் போன்ற கலப்புகளும், அணுக்கட்டமைப்பின் குறைகளும் செய்யும் வேலை அது; இப்படி ஒளிர்வதற்கு உடனொளிர்வு என்று பெயர். ஒற்றை மூலக்கூறின் ஒளியைத் தேடும் கருவியில் இவ்வளவு இருந்தாலே அளவீடு கெட்டுவிடும்.

கூடுதல் விலை கொடுத்துச் செயற்கைச் சிலிக்கா வாங்கினால் தொல்லை தீருமா? பாதிதான் தீரும். கலப்பே இல்லாவிட்டாலும் சிலிக்கா ராமன் சிதறலைத் தரும். சிலிக்கான்–ஆக்ஸிஜன் வலைப்பின்னலின் அதிர்வு, லேசர் ஒளியின் ஆற்றலில் சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது; மிச்சம் நிறம் மாறி வெளியே வருகிறது. 532 நானோமீட்டர் லேசரில் அதன் முக்கியப் பட்டை 545 அருகே விழும். 785 லேசரில் 813 அருகே. இப்படி லேசரோடு கூடவே நகர்வது ராமன் ஒளி. கலப்பின் உடனொளிர்வு பெரும்பாலும் தன் இடத்தைவிட்டு அசையாது. அதனால் கண்ணாடி விற்றவரைத் திட்டுவதற்கு முன் லேசரை மாற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இந்தக் குழப்பம் பழையது. 1923இல் கொல்கத்தாவில், சி.வி. ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் திரவங்களில் நிறம் மாறிய மங்கலான ஒளியைக் கண்டார். கலப்பால் வரும் உடனொளிர்வு என்று எண்ணித் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தும் அது போகவில்லை. 1928இல் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் அந்த ஒளி முனைவாக்கம் பெற்றிருப்பதை, அதாவது அதன் அலைவு ஒரு திசையில் ஒழுங்குபட்டிருப்பதைக் கவனித்தார்கள். சாதாரண உடனொளிர்வு அப்படி இராது. கழிக்க நினைத்த ஒளியே கண்டுபிடிப்பாயிற்று.

கலப்பின் ஒளியைச் சுத்தத்தால் வெல்லலாம். ராமன் ஒளிக்கு அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். ஃபைபர் வழியாக அளக்கும் கருவிகளில் இது நன்றாகத் தெரியும். மீட்டர் கணக்கில் நீளும் சிலிக்காவில் அந்த ஒளி சேர்ந்துகொண்டே போகும். ஆகவே லேசர் போக ஒரு ஃபைபர், சமிக்ஞை திரும்ப வேறொன்று. முதலாவதன் நுனியில் லேசர் நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி. மற்றதன் வாயில் லேசரை மறிக்கும் வடிகட்டி. இவற்றை நிறமாலைமானி பக்கம் வைத்துப் பயனில்லை. அங்கே வந்து சேர்வதற்குள் சமிக்ஞையும் ஃபைபரின் ராமன் ஒளியும் கலந்துபோயிருக்கும்.