குவார்ட்டர்ஸைக் காலி பண்ணும்போது சுவரிலிருந்து எதை எடுத்துட்டுப் போறோம்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் உண்டு. ஆனா, அந்த வீடு அவங்களுடையது இல்லை. ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்ததும் சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பணும். சுவர் நிறுவனத்துக்கு, சுவரில் மாட்டினது நமக்கு. அதனால், 'வீட்டுக்குள் இருக்கும் கலைப்பொருள் நாம் யார் என்று சொல்லுமா?' என்ற கேள்வி இந்த ஊரில் வேறு மாதிரி எழுகிறது.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில்தான் நெய்வேலியின் கதை ஆரம்பிக்கும். 1956-ல் நிறுவனம் உருவானது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். வேலைக்குத் தென்னாற்காட்டுக்காரர்கள் மட்டுமா வந்தார்கள்? தஞ்சாவூர், திருநெல்வேலி, கேரளா, ஆந்திரா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். எல்லோருக்கும் பிளாக் நம்பர், டைப் நம்பர் போட்ட, ஒரே அச்சில் வார்த்த வீடு. பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வாசல் கோலமும், நிலைக்கு மேல் மாட்டிய படமும், ஹால் ஷோகேஸும்தான் 'இது யார் வீடு' என்று சொல்லின. ஒரு வீட்டில் நிலவிளக்கு, இன்னொன்றில் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. இப்போது ஒடிசாவின் தலபிரா, ராஜஸ்தானின் பர்சிங்சர் என்று நிறுவனத்துக்கு வெளியூர்களிலும் சுரங்கம் இருப்பதால், மாற்றலாகிப் போய்வரும் குடும்பங்களின் சுவரில் பட்டச்சித்திரமும் இடம்பிடிக்கலாம்.

காலண்டரில் வந்த சாமி

'வீட்டுக் கலை' என்றதும் பலரும் தஞ்சாவூர் ஓவியத்தைத்தான் நினைப்பார்கள். பலாப் பலகையில் துணி ஒட்டி, மேலே மாவுப் பூச்சு கொடுத்து, தங்க ரேக்கும் கல்லும் பதித்த அந்தப் படம் அந்தக் காலச் சம்பளத்தில் எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? டவுன்ஷிப்பின் முதல் தலைமுறை சுவர்களை ஆண்டது காலண்டர் படம்தான். வருஷம் முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டு பூஜை ரூமில் மாட்டுவது எல்லா வீட்டிலும் நடந்ததுதானே!

அதை மட்டமாக நினைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தப் படங்களுக்குப் பின்னால் பெரிய ஓவியர்கள் இருந்தார்கள். 1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் சாதாரண வீடுகளுக்குக் கொண்டு வந்தார். நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவர் கோவில்பட்டி சி.கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். கோவில்பட்டியில் தங்கி அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் போனார்கள். 'முருகன் முகம்' என்றதும் நம்மில் பாதிப் பேர் மனதில் வருவது கோயில் கருவறைச் சிலை இல்லை, அந்தக் காலண்டர் முகம்தான். பழைய காலண்டர் படம் வீட்டில் இருந்தால் பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கீழ் ஓரத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

படமே வேண்டாம் என்றவரின் படம்

நெய்வேலிக்குப் பக்கத்திலேயே வடலூர். 1872 தைப்பூசத்தன்று வள்ளலார் அங்கே சத்திய ஞானசபையைத் திறந்தார். உள்ளே சிலை கிடையாது, ஏழு திரைகளுக்குப் பின்னால் ஜோதிதான். இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் வெள்ளை ஆடையில் முக்காடிட்ட வள்ளலார் படம் கட்டாயம் இருக்கும். அதில்தான் சுவாரஸ்யம். அவரைப் புகைப்படம் எடுக்க முயன்றபோது ஆடை மட்டும் விழுந்தது, உருவம் விழவில்லை என்று அன்பர்கள் சொல்வார்கள். பண்ருட்டிக் குயவர் ஒருவர் அவரைப் போலவே மண் உருவம் செய்து கொண்டுவர, பொன் உடம்பை மண்ணாக்கிவிட்டாரே என்று அதைக் கீழே போட்டு உடைத்ததாகவும் ஒரு கதை உண்டு. ஆக, நம் சுவரில் இருப்பது அன்பர்கள் மனதில் பதிந்த உருவத்தை வரைந்தது. உருவம் வேண்டாம் என்றவரையும் ஃபிரேம் போட்டு மாட்டாமல் இருக்க முடியவில்லை, நம் ஆட்களால்!

'வீட்டில் நடராஜர் வைக்கலாமா?' என்பது இன்னொரு தீராத கேள்வி. டவுன்ஷிப் கோயிலிலேயே பத்தடி உயர ஐம்பொன் நடராஜர் நிற்கிறார், சிதம்பரமும் பக்கம்தான். ஆனாலும், 'அவர் ஆடினா வீடு ஆடும்' என்று ஷோகேஸில் வைக்கத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். அதே நடராஜர்தான் 2004-லிருந்து ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் இந்திய அரசின் பரிசாக இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கிறார். அயல்நாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டு ஹாலில் முதலில் வாங்கி வைப்பதும் பெரும்பாலும் அவரைத்தான். பூஜைக்கு வைத்தால் முறைப்படி வைக்கணும், அலங்காரத்துக்கு வைத்தால் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் வைக்காமல் இருந்தால் போதும் என்பது என் கட்சி.

சுரங்கத்து மண், பொம்மை மண்

இந்த மாவட்டத்துக்கே உரிய கலை என்றால் பொம்மைதான். பண்ருட்டியிலும் கடலூர் வண்டிப்பாளையத்திலும் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலு பொம்மை செய்கிறார்கள். விருத்தாசலம் பீங்கான் பொம்மைக்குப் பேர்போனது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கானுக்கு வேண்டிய மண் அது. ஷோகேஸில் இருக்கும் பீங்கான் பிள்ளையாரும் நாம் போடும் ஃபேனுக்கான கரன்ட்டும் ஒரே நிலத்து மண்ணிலிருந்து வருகின்றன என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

அந்த மண் இருந்த இடத்தில் ஊர்கள் இருந்தன. இதைச் சொல்லாமல் நெய்வேலி வீட்டைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. சுரங்கத்துக்காக எழுந்துபோன கிராமங்களுக்குக் கணக்குப் போட்டபோது நிலம், வீடு, மரம், கிணறு என்று பட்டியல் வந்தது. சாணம் மெழுகிய திண்ணையின் காவிப் பட்டைக்கும், ஊர் எல்லை அய்யனாரின் மண் குதிரைக்கும் எந்த விலை? போகிற இடத்துக்குச் சாமியைக் கொண்டுபோக நம் வழக்கத்தில் ஒரு வழி உண்டு: பிடிமண். பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய் புது இடத்தில் வைத்து வணங்குவது. குதிரையைப் புதிதாகச் செய்துகொள்ளலாம், மண் மட்டும் அந்த இடத்துடையதாக இருக்கணும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்டியபோது எழுந்த கோபத்தை, பணக் கணக்கை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது.

டவுன்ஷிப்காரர்களுக்கு இடம்பெயர்வு இதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். பென்ஷன் பணத்தில் இந்திரா நகரிலோ வடக்குத்திலோ வீடு கட்டலாம், சென்னையில் பிள்ளை ஃபிளாட்டுக்குப் போகலாம். ஆனா, அந்த ஃபிளாட்டில் மூன்று தலைமுறைக் கொலு பொம்மையை வைக்க லாஃப்ட் இருக்காது. 'அதெல்லாம் எதுக்கும்மா?' என்று மருமகள் கேட்டால் தப்பும் இல்லை. அவருக்கு அந்தப் பொம்மையின் கதை தெரியாது. மாமியார்தான் சொல்லணும்.

எடுத்துட்டுப் போகும் முன்...

தஞ்சாவூர் படத்தை மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், பலகை வளைந்து பூச்சு விரிசல் விடும். கண்ணாடியில் நேரடியாக லிக்விட் அடிக்கக் கூடாது, காய்ந்த துணியே போதும். காலண்டர் படத்தின் பின்னால் பிளைவுட்டோ பழைய அட்டையோ இருந்தால் தாள் பழுத்துப் போகும். ஃபிரேம் கடையில் அமிலமில்லாத அட்டை கேளுங்கள், அதற்கு முன் நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். மண் பொம்மையைத் தண்ணீரில் கழுவவே கூடாது, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். நியூஸ்பேப்பர் மை வெளிர் நிறப் பொம்மையில் ஒட்டும் என்பதால் பழைய காட்டன் வேட்டியில் சுற்றி, மூக்கும் கையும் இடிபடாமல் படுக்கவைத்துப் பெட்டியில் அடுக்குங்கள்.

மூட்டை கட்டும்போதே ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். யார் வாங்கியது, எந்த வருஷம், எந்த ஊர்ச் சந்தையில், அப்போது எந்த பிளாக்கில் இருந்தோம் என்று. பொம்மையிலோ படத்திலோ பேனாவால் நேராக எழுதாதீர்கள், மை ஊறும். சீட்டில் பென்சிலால் எழுதினால் போதும்.