எல்லிஸ் என்றொரு பெயர்

கோடம்பாக்கத்தில் பழைய சினிமாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எல்லிஸ் ஆர். டங்கன் பெயரைத் தொடாமல் முடியாது. 1909இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் பிறந்தவர். கலிபோர்னியாவில் உடன் படித்த மாணிக்லால் டாண்டனோடு 1935இல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதங்களில் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர், 1950 வரை இங்கேயே இருந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் இயக்கிய 'சதி லீலாவதி' (1936) படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றினார். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை', 'மீரா' இரண்டையும் இயக்கியவரும் அவரே. 'மீரா'வுக்காக எம்.எஸ்ஸின் முகத்தைப்போல் ஒரு பிளாஸ்டர் சிலை செய்யச் சொல்லி, அதன்மேல் விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகே படப்பிடிப்புக்குப் போனார்கள். அந்தப் படத்தில் எம்.எஸ்ஸின் முகம் இன்றைக்கும் அப்படி ஒளிர்வதற்கு இந்தப் பொறுமைதான் காரணம்.

எல்லிஸ் என்பது டங்கனுக்கு வைத்த பெயர். ஆங்கிலேயரிடையே அது பழைய குடும்பப்பெயர். எலியா தீர்க்கதரிசியின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயரோடு உலகம் அறிந்தவர்கள் பலர் உண்டு. ரக்பி உலகக் கோப்பைக்கே வெப் எல்லிஸ் கோப்பை என்றுதான் பெயர். பாலியல் குறித்து வெளிப்படையாக எழுதப் பலரும் அஞ்சிய நாளில் எழுதியவர் ஹேவ்லாக் எல்லிஸ். கோடம்பாக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் அலெக்சாண்டர் ஜான் எல்லிஸ் (1814–1890). ஒரு ஸ்தாயியை 1,200 'சென்ட்' எனப் பகுத்து, இந்திய இசை உட்பட பல நாட்டுச் சுரவரிசைகளை 1885இல் அளந்து காட்டியவர். இன்று ரெக்கார்டிங் தியேட்டரில் கீபோர்டின் சுருதியைக் கூட்டிக் குறைக்கும்போது பயன்படுவது அவருடைய அளவுதான்.

இத்தனை எல்லிஸ்களில் தமிழ்நாடு மிகவும் கடன்பட்டிருப்பது பிரான்சிஸ் வைட் எல்லிஸிடம். கிழக்கிந்தியக் கம்பெனியில் 1796இல் எழுத்தராகச் சேர்ந்தவர், 1810இல் சென்னைக் கலெக்டர் ஆனார். 1812இல் உருவான புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்கு அவரே மூளை. கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்கும் இடம் அது. பட்டாபிராம சாஸ்திரி, சங்கரையா போன்ற புலமை மிக்க நம்மவர்களும் அவரும் அங்கே சேர்ந்து உழைத்தார்கள். எல்லா இந்திய மொழிகளும் சம்ஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று கல்கத்தா அறிஞர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம். தெலுங்கின் வேர்ச்சொற்களைச் சம்ஸ்கிருதத் தாதுக்களோடு ஒரு பக்கமும், தமிழ், கன்னட வேர்களோடு மறுபக்கமும் வரிசையாக வைத்துப் பார்த்தார் எல்லிஸ். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பது விளங்கியது. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலில் 1816இல் அது ஒரு குறிப்பாக அச்சானது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வர இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன. 'திராவிடம்' என்ற சொல்லைப் பரப்பியவர் கால்டுவெல்தான், மறுக்கவில்லை. ஆனால் நிரூபணம் எல்லிஸுடையது, அவரோடு அமர்ந்த பண்டிதர்களுடையது.

திருக்குறளில் அவருக்கு இருந்த ஈடுபாடு தனிக்கதை. முதல் 13 அதிகாரங்களிலிருந்து குறள்களை எடுத்து மொழிபெயர்த்து விரிவாக உரை எழுதினார். தம் பாட்டனார் கந்தப்பன் பாதுகாத்த ஓலைச்சுவடி வழியாகத்தான் குறள் எல்லிஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். 1818இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். எல்லிஸ் 27 கிணறுகள் வெட்ட வைத்தார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றருகே வைத்த தமிழ்க் கல்வெட்டில், ஒரு நாட்டுக்கு நீர்வளம் வேண்டும் என்று சொல்லும் குறளையும் பொறித்தார்கள். அதில் அவர் பெயர் 'எல்லீசன்'. ஒரு கலெக்டர் குடிநீர்க் கிணற்றுக்குக் குறளைச் சான்றாக வைத்ததை நினைக்க நினைக்க மனம் நிறைகிறது.

நாற்பது வயது ஆகும்வரை தம் ஆராய்ச்சியை அச்சிடுவதில்லை என்று எல்லிஸ் உறுதியாக இருந்தாராம். நாற்பதைத் தாண்டிய கையோடு, 1819 மார்ச்சில், ராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு உட்கொண்டு இறந்துபோனார். அவருடைய உடைமைகள் ஏலத்துக்குப் போயின. கைப்பிரதிகளில் பெரும்பகுதியை மதுரையில் ஒரு சமையற்காரர் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டார் என்று பிற்காலத்தில் வால்டர் எலியட் பதிவு செய்தார். தமிழ் ஆராய்ச்சி அடைந்த இழப்புகளில் இதைவிடக் கொடியது குறைவு. எஞ்சிய தாள்கள் எலியட்டிடமிருந்து ஜி.யு. போப்புக்குப் போய், ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் தங்கின.

இனி டங்கனிடம் வருவோம். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக அவர் இரண்டு படங்களில் வேலை செய்தார். ஒன்று பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்த'த்தைத் தழுவிய 'பொன்முடி'. மற்றொன்று குண்டலகேசிக் கதையிலிருந்து மு. கருணாநிதி எழுதிய 'மந்திரி குமாரி'. இந்தப் படம் முடியும் முன்பே டங்கன் ஊர் திரும்ப, மீதியை டி.ஆர். சுந்தரம் முடித்தார். தி.மு.க. தோன்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1948இல் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்திருந்த ஏவி.எம். ஸ்டுடியோவில் அடுத்து கருணாநிதியின் வசனத்தில் 'பராசக்தி' உருவானது. பிறகு பல்லாண்டுகள் கோடம்பாக்கம் அந்த வசன நடையில்தான் பேசியது. அந்த வசனங்களுக்குப் பின்னால் நின்ற மொழிப் பெருமிதத்துக்குச் சான்று தேடிப் போனால், 1816இல் எல்லிஸ் எழுதிய குறிப்பில் போய் நிற்கிறோம். இந்த எல்லிஸும் அந்த எல்லிஸும் உறவினர்கள் அல்லர். டங்கன் தமக்கு முன்னே போனவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கத் தேவையுமில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டங்கன் 2001இல் காலமானார். கோடம்பாக்கம் அவரை மறக்கவில்லை. கலெக்டர் எல்லிஸுக்கு அந்த நினைவு இன்னும் வாய்க்கவில்லை. போட்லியன் தாள்களையும் பார்த்து, அறிஞர் தாமஸ் டிராட்மன் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், இராம. சுந்தரத்தின் மொழிபெயர்ப்பில் 'திராவிடச் சான்று' என்று தமிழில் வந்திருக்கிறது. வசனம் எழுதும் கனவோடு கோடம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி, தங்கைகள் அதை ஒருமுறை வாங்கிப் படிக்க வேண்டும்.