ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா

ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா, இங்கிலாந்தின் ஹேமர் பிலிம்ஸ் தயாரித்து 1970ஆம் ஆண்டு வெளியிட்ட திகில் திரைப்படம். டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய 'டிராகுலா' (1958) தொடங்கிவைத்த வரிசையில் இது ஆறாவது படம். ஹேமருக்காகக் கிறிஸ்டோபர் லீ டிராகுலா வேடம் ஏற்றதில் ஐந்தாவது. வரிசையின் பலவீனமான படங்களுள் ஒன்றாகவே பலரும் இதைக் கருதுகின்றனர்.

உருவாக்கம்

முந்தைய படமான 'டேஸ்ட் த பிளட் ஆஃப் டிராகுலா'வும் அதே ஆண்டு வெளிவந்ததுதான். இரண்டுக்கும் திரைக்கதை எழுதியவர் ஆந்தனி ஹைண்ட்ஸ். 'ஜான் எல்டர்' அவரது புனைபெயர். டைட்டானிக் கப்பல் மூழ்கியதைப் படமாக்கிய ராய் வார்டு பேக்கர் இப்படத்தை இயக்கினார். ஜேம்ஸ் பெர்னார்ட் இசையமைத்தார். எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் படமானது.

கதை

முந்தைய படத்தில் லண்டன் தேவாலயம் ஒன்றில் அழிந்த டிராகுலா, இதில் விளக்கம் ஏதுமின்றித் தன் கோட்டையில் சாம்பலாகக் கிடக்கிறான். வௌவால் ஒன்று அதன்மேல் இரத்தம் சொட்ட, உயிர்பெறுகிறான். அவனை ஒழிக்க ஊரார் கோட்டைக்குத் தீ வைத்துத் திரும்புகையில், தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த பெண்கள் வௌவால்களால் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். பின்னர் கோட்டையில் காணாமற்போன பால் என்ற இளைஞனைத் தேடி அவனுடைய சகோதரன் சைமனும் சாரா என்ற பெண்ணும் வருகிறார்கள். முடிவில் டிராகுலா ஓங்கிய இரும்புக் கம்பியில் மின்னல் பாய, அவன் எரிந்து வீழ்கிறான்.

மதிப்பீடு

கயிற்றில் ஆடுவது கண்ணுக்குத் தெரியும் பொம்மை வௌவால்கள், சிக்கனம் துருத்தும் அரங்க அமைப்பு, கதைத் தொடர்ச்சியின்மை ஆகியன இதன் பெருங்குறைகள். டிராகுலா ஒரு பெண்ணைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். வேலைக்காரன் குளோவின் முதுகில் பழுக்கக் காய்ச்சிய வாளால் சூடு வைக்கிறான். அமானுஷ்ய அச்சம் இருக்க வேண்டிய இடத்தை இத்தகைய வெறும் வன்முறை பிடித்துக்கொள்கிறது.

ஆனால் இவ்வரிசையின் 1966ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு சொல்லும் பேசாத லீக்கு, இதில் கணிசமான வசனம் உண்டு. விருந்தினரிடம் நயமாகப் பேசும் பிரபுவாக வருகிறார். பிராம் ஸ்டோக்கர் நாவலில் டிராகுலா கோட்டைச் சுவரில் ஊர்ந்து செல்லும் காட்சி, ஹேமர் வரிசையில் முதன்முறையாக இதில்தான் இடம்பெற்றது. குளோவாக வரும் பாட்ரிக் ட்ரௌட்டனின் நடிப்பும் குறிப்பிடத்தக்கது.

பின்விளைவு

பழங்காலக் கோட்டைக் கதையை விட்டு, அடுத்த படத்தில் (1972) ஹேமர் டிராகுலாவைச் சமகால லண்டனுக்குக் கொண்டுவந்தது. லீ 1973ஆம் ஆண்டுப் படத்தோடு விலகினார். 1974இல் பேக்கர், ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் கூட்டுத் தயாரிப்பில் இயக்கிய படத்தில் ஜான் ஃபோர்ப்ஸ்-ராபர்ட்சன் டிராகுலா ஆனார். வரிசை அத்துடன் முடிவுற்றது.