காப்பியடிச்ச சிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

சிப்பு மேல அச்சடிச்சிருக்கிற பேரை நம்பலாமா? பழைய பிராசசர் தேடி வாங்குறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க. பழைய எழுத்தைச் சுரண்டிட்டு வேற பேரைப் போட்டு விக்கிற வேலை அந்தச் சந்தையில நடக்குது மக்கா! அப்போ என்ன வழி? சிப்புகிட்டயே கேட்க வேண்டியதுதான்.

உதாரணத்துக்கு இசட்80. இன்டெல்லை விட்டு வெளியே வந்த ஃபெடரிகோ ஃபாஜின் ஆரம்பிச்ச ஜைலாக் கம்பெனி, 1976ல் வெளியிட்ட 8 பிட் பிராசசர். எவனாவது காப்பியடிப்பான்னு அவங்களுக்கு அப்பவே தெரியும். அதனால வடிவமைச்ச மசாதோஷி ஷிமா உள்ளே சில பொறிகளை வச்சார். போட்டோ எடுத்துப் பார்த்தா சாதாரண டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கும். வேலை செய்யறது மட்டும் வேற மாதிரி. பார்த்து வரையறவனுக்கு ஆப்பு :-)

ஆனா அதையும் தாண்டி வந்தாங்க. மேற்கத்திய நாடுகளோட தொழில்நுட்பத் தடையில இருந்த கிழக்கு ஜெர்மனியில, எர்ஃபர்ட் நகரத்து அரசுத் தொழிற்சாலை 1980ல் லைசென்ஸ் வாங்காமலே யு880ஐத் தயாரிக்க ஆரம்பிச்சது. அந்த நாட்டோட கேசி 85 வீட்டுக் கணினிகள் ஓடினது இதுலதான். மேனுவல்ல எழுதாத ரகசியக் கட்டளைகள்கூட பெரும்பாலும் அப்படியே இருக்கும். அசத்தல் காப்பி!

சரி, எப்படிப் பிடிக்கிறது?

முதல்ல ஸ்கேல். மேற்கத்திய சிப்புல கால்களுக்கு நடுவே 2.54 மிமீ. கிழக்கு ஐரோப்பாவுல 2.5 மிமீ வழக்கம். ஒரு பக்கம் 20 கால், 19 இடைவெளி. கடைசிக் கால் வரும்போது 0.76 மிமீ வித்தியாசம் வந்துடும்.

அடுத்து, பழைய என்மாஸ் ரகமா, பிந்தைய சிமாஸ் ரகமா? மேனுவல்ல இல்லாத ஒரு அவுட் கட்டளை இருக்கு. என்மாஸ் சிப் 0 அனுப்பும், சிமாஸ் 255 அனுப்பும். 'பழைய 1980 சிப்'னு வித்தது 255 அனுப்பினா, குட்டு வெளிப்பட்டுடும்.

கடைசியாத்தான் உண்மையான சோதனை. கேரி ஃபிளாகை 1 ஆக்கிட்டு, குறிப்பிட்ட மதிப்புகளோட 'அவுட்ஐ' கட்டளையை ஓட்டணும். அசல் இசட்80ல் அது 1ஆவே இருக்கும். யு880ல் 0 ஆயிடும். அவ்ளோதான் வித்தியாசம், ஒரே ஒரு பிட்!

இதுல இன்னொரு கூத்து. ருமேனியாவுல புக்கரெஸ்ட் தொழிற்சாலை தயாரிச்ச எம்எம்என் 80 சிபியுவும் இதே சோதனையில யு880 மாதிரியே பதில் சொல்லுது. ரெண்டு பேப்பர்ல ஒரே தப்பு இருந்தா, யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு வாத்தியார் யோசிக்க மாட்டாரா?

ஜைலாக் சிமாஸ் இசட்80க்கு 2024ல் விடை கொடுத்துட்டாங்க. இனிமே கிடைக்கிறதெல்லாம் பழைய சரக்குதான். அதனால மேல இருக்கிற பேரைப் பார்த்து காசை நீட்டாதீங்க. சரியாச் செய்யறதை எல்லாம் ஒரே மாதிரிதான் செய்யும். எங்க பிசகுதுன்னு பாருங்க, ஊரு பேரு தானா வெளிய வரும்.