சர்வரோக நிவாரணி: தபால்காரர் கொண்டு வந்த மருந்து

திண்டுக்கல் என்றதும் பூட்டும் புகையிலையும்தான் ஞாபகத்துக்கு வரும். இந்த ஊரிலிருந்து வெளியே போன சரக்குகளைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் இந்த ஊருக்குள் வந்து சேர்ந்த ஒரு சரக்கைப் பற்றி அதிகம் பேச்சில்லை. தலைவலி முதல் குஷ்டம் வரை சகலத்தையும் தீர்ப்பதாகச் சொல்லி, பத்திரிகை விளம்பரத்தாலும் தபால் மூலமும் விற்கப்பட்ட "சர்வரோக நிவாரணி" மருந்துகள்தான் அது.

இன்றைக்கு இதைப் படித்தால் "எப்படி ஏமாந்திருக்கிறார்கள்!" என்று சிரிப்புதான் வரும். சிரிப்பதற்கு முன் அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

காய்ச்சல் பூமி

1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோவை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு பெரும் காய்ச்சல் பரவியது. சாவு எண்ணிக்கை பயமுறுத்தும் அளவுக்குப் போனதால், கம்பெனி அரசு மருத்துவர் குழு ஒன்றை அமைத்து விசாரித்தது. அதன் அறிக்கை பிறகு லண்டனில் அச்சானது. மலையடிவாரக் காய்ச்சல், காலரா, 1876-78 பஞ்சம் என்று அந்த நூற்றாண்டு முழுவதும் இந்தச் சமவெளிக்கு நிம்மதி இல்லை. நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் செஸ்டர் என்ற பாதிரியார்-மருத்துவர் திண்டுக்கல்லில் மருந்தகம் நடத்தினார். சுற்றியிருந்த கிராமங்களுக்கு அது நடந்தோ வண்டி கட்டியோ வர வேண்டிய தூரம். உள்ளூர் நாட்டு வைத்தியர் இருந்தார். அவர் கைவிட்டால் அடுத்து எங்கே போவது?

டாக்டர் வராத ஊருக்கும் தபால்காரர் வந்தார். விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வி.பி.பி. என்ற மந்திரம்

1875-ல் திருச்சி - மதுரை ரயில் பாதை திண்டுக்கல் வழியாகப் போடப்பட்டது. 1877-ல் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டு வந்தது. ஒரு கார்டு எழுதிப் போட்டால் போதும். சரக்கு தபாலில் வரும். வாங்குபவர் தபால்காரரிடம் பணம் கட்டினால் அது விற்றவருக்குப் போய்ச் சேரும். சென்னையிலோ பம்பாயிலோ லாகூரிலோ இருக்கும் வியாபாரிக்கு திண்டுக்கல்லில் கடை தேவையில்லை, ஏஜென்ட் தேவையில்லை, கடன் பாக்கி என்ற கவலையும் இல்லை. இன்றைய "கேஷ் ஆன் டெலிவரி"க்கு இதுதான் பாட்டன்.

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. பணம் கட்டிய பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும்.

1882-ல் தொடங்கிய சுதேசமித்திரன் போன்ற தமிழ்ப் பத்திரிகைகள் பெருகப் பெருக, விளம்பரங்களும் பெருகின. ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்ட காலம் அது. ஒரு பிரதி வந்தால் ஒரு தெருவுக்கே விளம்பரம் போய்ச் சேர்ந்த மாதிரி.

பேடண்ட் இல்லாத பேடண்ட் மருந்து

இவற்றுக்கு "பேடண்ட் மருந்து" என்று பெயர். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு பேடண்டே கிடையாது. பேடண்ட் வாங்க வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் செய்வது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் ஆயுளும் சில வருடங்கள்தான். இந்த வியாபாரிகளுக்கு வேண்டியது நேர் எதிரானது: செய்முறை ரகசியமாக இருக்க வேண்டும், பெயர் மட்டும் ஊரெல்லாம் தெரிய வேண்டும். அதாவது அவர்களுடைய சொத்து மருந்து அல்ல, லேபிள். பெயர், படம், கையெழுத்து, "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்" என்ற எச்சரிக்கை எல்லாம் அந்தச் சொத்துக்குப் போட்ட வேலி.

இதற்கு முன்னோடி இங்கிலாந்துதான். தாமஸ் ஹாலோவே 1837-ல் களிம்பும் பிறகு மாத்திரையும் விற்க ஆரம்பித்தார். இந்தியா உட்பட உலகமெங்கும் பல மொழிகளில் விளம்பரம் செய்தார். கடைசிக் காலத்தில் விளம்பரத்துக்கு மட்டும் வருடத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு செலவழித்தார். 1883-ல் அவர் இறந்தபோது பெரும் கோடீஸ்வரர்.

இன்னொன்று "குளோரோடைன்". இந்தியாவில் ராணுவ மருத்துவராக இருந்த காலிஸ் பிரவுன் உருவாக்கியது. 1856 முதல் லண்டனில் விற்பனைக்கு வந்தது. காலரா, பேதி, இருமல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் கைகண்ட மருந்து என்று விளம்பரம். உள்ளே இருந்தது அபின் சாராயக் கரைசல், கஞ்சா, குளோரோஃபார்ம். வலி குறையும், பேதி கட்டும், தூக்கம் வரும். எனவே "வேலை செய்கிறது" என்று வாங்கியவர் நம்பியதில் தப்பில்லை. ஆனால் காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும். அதை அபின் ஈடு செய்யாது. மேலும் அபின் பழகிவிட்டால் விடாது.

ஒரு சின்னக் கணக்கு

1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த ரகசிய மருந்துகளை வாங்கிப் பரிசோதித்து ஒரு புத்தகமாக வெளியிட்டது. அதில் பீச்சம் மாத்திரையும் ஒன்று. உள்ளே இருந்தது கரியபோளம், சுக்கு, சோப்பு. கரியபோளமும் சுக்கும் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் எப்போதும் கிடைப்பவை! மொத்தத்தில் அது ஒரு மலமிளக்கி.

56 மாத்திரை கொண்ட பெட்டியின் விலை 1 ஷில்லிங் 1½ பென்ஸ். மூலப்பொருள் செலவு சுமார் அரை ஃபார்திங். 1 ஷில்லிங் 1½ பென்ஸ் என்றால் 54 ஃபார்திங். ஆக, விலை மூலப்பொருள் செலவைப் போல 108 மடங்கு. மீதிப் பணம் பெட்டி, கூலி, கடைக்காரர் கமிஷன், லாபம், எல்லாவற்றுக்கும் மேலாக விளம்பரத்துக்குப் போனது. வாங்குபவர் தனக்கு வந்த விளம்பரத்துக்கே காசு கொடுத்தார் என்று சொல்லலாம்.

நம்மவர்கள் களத்தில்

இந்த வித்தையை நம்மவர்களும் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். பிறகு தொழில் சென்னைக்கு வந்தது. லாகூரில் பண்டிட் தாகூர் தத்த சர்மா 1901-ல் தொடங்கிய "அமிர்ததாரா" நாடு முழுவதும் போயிற்று. அந்தக் கம்பெனியின் தெருவுக்கும் தபால் நிலையத்துக்குமே அமிர்ததாரா என்று பெயர் இருந்ததை விளம்பர முகவரியில் பார்க்கலாம். சென்னையில் டாக்டர் கே. என். கேசரியின் "கேசரி குடீரம்" பெண்களுக்கான "லோத்ரா" மருந்தால் பிரபலமானது.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அமிர்தாஞ்சனம் வலிக்குத் தடவும் தைலம், தடவினால் இதமாக இருக்கும். அந்தப் பணத்தில்தான் நாகேஸ்வர ராவ் ஆந்திர பத்திரிகையை நடத்தினார், சுதந்திரப் போராட்டத்துக்கும் உதவினார். கேசரி 1928-ல் கிருகலட்சுமி என்ற தெலுங்கு மாத இதழைத் தொடங்கினார். அக்காலப் பத்திரிகைகள் உயிரோடு இருக்க மருந்து விளம்பரமும் ஒரு காரணம். அதனால்தான் அந்த விளம்பரங்களைக் கேள்வி கேட்கப் பத்திரிகைகளுக்குச் சுலபத்தில் வாய் வரவில்லை.

வெட்கத்தை விற்றவர்கள்

மோசமான பகுதி வேறு. ஆண்மைக் குறைவு, மேகநோய், குழந்தையின்மை... இவற்றை உள்ளூர் வைத்தியரிடம் சொல்ல வெட்கம். தபாலில் வரும் பொட்டலத்துக்கு யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். இயல்பான விஷயத்தைக்கூட நோய் என்று சொல்லிப் பயமுறுத்தி, அடுத்த வரியிலேயே மருந்தையும் விலையையும் போட்டார்கள். குணமாகாவிட்டாலும் யாரும் புகார் செய்யப் போவதில்லை. புகார் செய்தால் வெளியே தெரிந்துவிடுமே! வாடிக்கையாளரே வாயைத் திறக்காத வியாபாரம் அது.

அதே தபால் நிலையம், வேறொரு பொட்டலம்

1892-ல் வங்காளத்தில் அரசு தபால் நிலையங்கள் மூலம் கொய்னா பொட்டலம் விற்க ஆரம்பித்தது. விலை ஒரு பைசா. பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் அது பரவியது. சென்னை மாகாணத்துக்கு நீலகிரியிலேயே சின்கோனா தோட்டமும் நடுவட்டத்தில் தொழிற்சாலையும் இருந்தன. உள்ளே என்ன, எவ்வளவு, எந்த நோய்க்கு என்பது தெரிந்த மருந்து. சகல நோயும் தீரும் என்று அது சொல்லவில்லை; மலேரியாவுக்கு மட்டும். ஒரே தபால் நிலையம், இரண்டு பொட்டலம். மருந்தையும் விளம்பரத்தையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சட்டம் வந்தது, அப்புறம்?

1930-31-ல் கர்னல் சோப்ரா தலைமையிலான குழு நாட்டின் மருந்து நிலைமையை ஆராய்ந்தது. அதன் விளைவாக 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகள் அதற்குள் வர 1964 ஆயிற்று. 1954-ல் மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கத் தனிச் சட்டம். 1959-ல் ஹம்தர்த் தவாகானா வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வியாபார விளம்பரம் பேச்சுரிமைக்குள் வராது என்றது. சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் ரத்து செய்தது. 1963 திருத்தத்தில் 54 நோய்களின் பட்டியல் சட்டத்திலேயே சேர்ந்தது. 2024 ஏப்ரலில் பதஞ்சலி நிறுவனம் நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் கொடுக்க வேண்டி வந்ததும் இந்தச் சட்டத்தை ஒட்டிய வழக்கில்தான்.

இத்தனைக்குப் பிறகும் பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் "இன்ன தேதி, இன்ன லாட்ஜில் சந்திக்கலாம்" என்ற நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. இப்போது அதே வாசகம் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. ஏன்? சட்டம் விளம்பரத்தைத்தான் பிடிக்கிறது. டாக்டரிடம் போகப் பணமில்லாதவரின் தூரத்தையும், போனால் சொல்ல வாய் வராதவரின் வெட்கத்தையும் அது தொடுவதில்லை. அந்த இடைவெளி இருக்கும் வரை அங்கே யாராவது கடை போடுவார்கள்.

எனவே அன்றைக்கு வாங்கியவர்களை முட்டாள்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு வேறு வழி குறைவு. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. நமக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. உள்ளே என்ன? எந்த நோய்க்கு? யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் பதில் தராமல் "எல்லாம் தீரும்" என்று மட்டும் சொல்கிற எதுவும் பழைய வி.பி.பி. பொட்டலம்தான். பணம் கட்டும் முன் பிரிக்க விட மாட்டார்கள்.